ஆண்டிறுதி மடலில் இருப்பது வகுப்பு, நோட்டில் இருப்பது பிள்ளை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். மகளுக்கு ஆறு வயது, முதல் வகுப்பு முடியப் போகிறது. வகுப்பாசிரியை ஆண்டிறுதி மடல் ஒன்று அனுப்பியிருக்கிறார். முதல் பாதி முழுக்கச் செய்திகள்: பிள்ளைகள் போட்ட நாடகம், முளைக்க வைத்த விதைகள், பெற்றோருக்கு நன்றி, பள்ளி திறக்கும் தேதி. அடுத்த பாதியில் ‘இந்த ஆண்டு நாங்கள் கற்றவை’ என்று ஒரு பட்டியல்: எளிய வாக்கியங்களை வாசித்தல், சொந்தமாக எழுதுதல், 20-க்குள் கூட்டல் கழித்தல், 100 வரை எண்கள். மகளின் மதிப்பீட்டுத் தாளிலோ ‘வாசிப்பில் இன்னும் பயிற்சி தேவை’ என்று ஒற்றை வரி. பட்டியலில் பாதி அவளுக்கு வரவில்லையே, விடுமுறையில் டியூஷன் வைக்கலாமா, இல்லை இன்னொரு வருடம் அதே வகுப்பில் இருக்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

இந்த மாதிரி மடல்களை எழுதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். அதனால் முதலில் ஒரு தொழில் ரகசியம். அந்தப் பட்டியல் வகுப்பைப் பற்றியது, உங்கள் மகளைப் பற்றியது இல்லை. பாடத்திட்டத்தில் இருப்பதை எடுத்து, ‘நடத்தினோம்’ என்பதைக் ‘கற்றோம்’ என்று மாற்றி எழுதுவோம். பொய் என்று சொல்ல முடியாது. வகுப்பு முழுக்க ஒரே வரி போக வேண்டுமென்றால் அப்படித்தான் எழுத வரும். உங்கள் மகள் என்ன கற்றாள் என்பது அவளுடைய நோட்டில் இருக்கிறது.

ஆண்டுத் தொடக்க நோட்டையும் கடைசி மாத நோட்டையும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். கையெழுத்து அழகைப் பார்க்க வேண்டாம். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்களையும் தள்ளிவிடுங்கள். அவற்றில் பிழையே இருக்காது, நமக்குத் தெரிந்துகொள்ளவும் ஒன்றும் இருக்காது. அவளாக எழுதிய பக்கம்தான் வேண்டும். நிறைய வகுப்புகளில் வாரத் தொடக்கத்தில் ‘என் செய்தி’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள், மேலே படம், கீழே இரண்டு வரி. அது கிடைத்தால் ரொம்ப நல்லது. முதல் மாதங்களில் படமும் அவள் பெயரும் மட்டும் இருக்கும். பிறகு தெரிந்த நாலைந்து எழுத்துகள் வரும். அப்புறம் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்ட சொற்கள். அதற்கும் பிறகுதான் சொல்லுக்குச் சொல் இடம் விட்ட ஒரு வாக்கியம். கடைசி மாதத்தில் ‘அப்புறம்’ போட்டு இரண்டாவது வாக்கியம் ஒன்று இருந்தால், பிள்ளை நெடுந்தூரம் வந்திருக்கிறாள்.

‘நேத்து மாமா வந்தாங்க நா வெளயாண்டே’ என்று எழுதியிருந்தால் சிவப்பு மையை எடுக்காதீர்கள். காதில் விழுந்ததை ஒலி ஒலியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேடி வைத்திருக்கிறாள். எழுதக் கற்பதில் கடினமான வேலையே அதுதான். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு, வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறு. ‘வந்தாங்க’ என்பது ‘வந்தார்கள்’ ஆக மாறுவது, புத்தகம் படித்துக் காட்டக் கேட்டுக் கேட்டு வருகிற பழக்கம். திருத்தித் திருத்தி வரவழைப்பது சிரமம். ல, ள, ழ குழப்பமும் ந, ன, ண குழப்பமும் இந்த வயதில் எல்லோரிடமும் இருக்கும். பெரியவர்களிடம் இல்லையா என்ன, அதை விடுங்கள்.

எண்களைத் திருப்பி எழுதுவதைப் பார்த்துப் பயப்படும் பெற்றோர் நிறையப் பேர். ஏழு வயது வரை அது சாதாரணம், அதை மட்டும் வைத்து வாசிப்புக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-பால் ஃபிஷர் இதில் ஒரு சுவையான விஷயத்தைக் கவனித்திருக்கிறார். பிள்ளைகள் கண்டபடி திருப்புவதில்லை. இடப்பக்கம் பார்க்கும் உருவங்களைத்தான் அதிகமாக வலப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அதனால் 3-ம் 7-ம் அடிக்கடி திரும்பும், 6 அவ்வளவாகத் திரும்பாது. அதாவது எழுத்து வலப்பக்கம் ஓடுகிறது என்ற பொது விதியைப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து, கொஞ்சம் அதிகமாகவே பயன்படுத்துகிறது.

இனி அந்த ‘பயிற்சி தேவை’ வரிக்கு வருவோம். இதற்குள் நேரெதிரான இரண்டு பிள்ளைகள் ஒளிந்திருக்கலாம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஃபிலிப் கோஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் காதால் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். ஒரு பிள்ளை எழுத்தெழுத்தாகத் தடுமாறும், நீங்கள் கதையைப் படித்துக் காட்டினால் நரி ஏன் அப்படிச் செய்தது என்று வக்கீல் மாதிரி வாதாடும். இன்னொரு பிள்ளை கடகடவென்று வாசித்துவிடும், என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கும். மதிப்பீட்டுத் தாளில் இருவருக்கும் ஒரே வரிதான். ஆனால் முதல் பிள்ளைக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி, இரண்டாவது பிள்ளைக்கு வேண்டியது பேச்சும் கதையும்.

உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். அவள் பார்த்திராத அரைப் பக்கக் கதை ஒன்றை அவளை வாசிக்கச் சொல்லுங்கள். அதே அளவு வேறொரு கதையை நீங்கள் படித்துக் காட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள். பாடப்புத்தகத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். முதல் வகுப்புப் பிள்ளைகளின் ஞாபகசக்தி அபாரமானது, படத்தைப் பார்த்தே முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிடுவார்கள், நாம் வாசிக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருப்போம். சந்தேகம் இருந்தால் ‘பிமா’, ‘தோகு’, ‘லூட’ என்று பொருளில்லாத சொற்கள் சிலவற்றை எழுதிக் காட்டுங்கள். ஊகிக்க வழியே இல்லாததால் எழுத்து தெரிந்தால்தான் வாசிக்க முடியும். இதை விளையாட்டாகச் செய்ய வேண்டும். சோதனை என்ற வாசனை வந்தால் வாயைத் திறக்க மாட்டாள்.

எழுத்தில்தான் தடுமாற்றம் என்று தெரிந்தால், எந்த எழுத்தில் என்று பாருங்கள். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். உண்மையில் பிள்ளை கற்க வேண்டியது 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும், பிறகு அவை சேரும் முறையும்தான். ஆனால் சேரும் முறை அவ்வளவு எளிதில்லை. ‘கொ’ என்பதைக் காது கேட்கும்போது ‘க்’ முதலில் வருகிறது, கண் பார்க்கும்போது கொம்பு முதலில் வருகிறது, துணைக்கால் அந்தப் பக்கம் நிற்கிறது. உகர ஊகார வரிசை இன்னும் மோசம். கு, சு, து, மு, நூ என்று ஆளுக்கொரு வடிவம். ஆகார வரிசையில் ஒரு துணைக்காலைக் கற்றால் எல்லா எழுத்துக்கும் போதும். இங்கே அந்தச் சலுகை இல்லை. நான் பார்த்தவரை, ‘வாசிக்க வரவில்லை’ என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய நாளுக்குப் பத்து நிமிடம் போதும், புத்தகம் முழுவதையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதில்லை.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதிலும் நாம் மற்ற மொழிகளின் கணக்கை எடுத்துக்கொண்டு அவசரப்படுகிறோம். ஃபிலிப் சீமோரும் மற்றவர்களும் 2003-ல் ஐரோப்பாவின் 13 மொழிகளை ஒப்பிட்டபோது, பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் முதல் பள்ளி ஆண்டு முடிவதற்குள் எளிய சொற்களைச் சரியாக வாசித்தார்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் காலம் பிடித்தது. நம் எழுத்து முறையின் கதை வேறு. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துத் தொகுதி முழுவதும் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று தெரிந்தது. தமிழும் அதே வகை எழுத்து முறை. ஆகவே முதல் வகுப்பு முடிவில் ‘நௌ’, ‘ஞை’ தெரியவில்லை என்றால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இணையத்தில் கிடைக்கும் ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில வாசிப்புக்காகச் செய்யப்பட்டவை. ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதுவே மூன்று. கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கணக்குப் பக்கம். ‘20-க்குள் கூட்டல்’ என்ற வரியை நம்ப வேண்டாம், விடை வந்த வழியைப் பாருங்கள். 3 + 8 கேளுங்கள். ஒரு பிள்ளை மூன்று விரல், பிறகு எட்டு என்று எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். இன்னொன்று எட்டை மனதில் வைத்து 9, 10, 11 என்று மேலே போகும். மூன்றாவது பிள்ளை எட்டோடு இரண்டு சேர்த்துப் பத்தாக்கி மிச்சம் ஒன்றைப் போடும். நோட்டில் மூவரும் 11 என்றுதான் எழுதியிருப்பார்கள், மதிப்பெண்ணும் ஒன்றுதான், ஆனால் மூவரும் நிற்கும் படி வேறு. முதல் படியில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டுக் கணக்கு பாரமாகத்தான் இருக்கும். அதற்காக விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். தடுத்தால் மேசைக்கு அடியில் எண்ணுவாள், நீங்கள் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

100 வரை ஒப்பிப்பது பாட்டு. 29-க்கு அடுத்து என்ன, 43-உடன் பத்து சேர்த்தால் என்ன என்று கேட்டால்தான் பத்துகள் புரிந்ததா என்று தெரியும். ‘நூற்று மூன்று’ எழுதச் சொன்னால் 1003 என்று எழுதுவது இந்த வயதின் நியாயமான பிழை, கேட்டதை அப்படியே எழுதுகிறாள். சமக்குறியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் கட்டத்தில் 12 என்று எழுதும் பிள்ளைகள்தான் அதிகம், மேல் வகுப்புகளிலும்கூட. அந்தக் குறியை ‘விடை இங்கே எழுது’ என்ற கட்டளையாகப் படிக்கிறார்கள். ‘7 = 5 + 2’ என்று திருப்பி எழுதிக் காட்டினால் அவள் ‘தப்பு’ என்கிறாளா என்று பாருங்கள். சொன்னால், விடுமுறையில் பேச உங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்தது.

இதற்கெல்லாம் பயிற்சித் தாள் வாங்க வேண்டாம். எண் வரிசையாகப் போகும் பலகை ஆட்டங்கள் சிறு பிள்ளைகளின் எண்ணறிவை வளர்க்கின்றன என்று ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல் காட்டினார்கள், அதுவும் கால் மணி நேரம் போல நடந்த சில ஆட்டங்களிலேயே. பிறகு 2014-ல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் அதில் ஒரு நுணுக்கத்தைக் கண்டார்கள். காய் 15-ல் இருந்து, பகடையில் மூன்று விழுந்தால், ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று நகர்த்தும் பிள்ளைக்குப் பலன் குறைவு. ‘16, 17, 18’ என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி நகர்த்தும் பிள்ளைக்குத்தான் பலன். ஆட்டம் அதேதான், சொல்லும் எண்தான் வேறு.

மகளின் பிறந்த மாதத்தை நீங்கள் சொல்லவில்லை. வகுப்பிலேயே சிறியவளாக இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். ஆறு வயதில் பத்து மாதம் என்பது வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு. கெல்லி பெடார்டும் எலிசபெத் டூயியும் 2006-ல் பல நாடுகளின் தரவை வைத்துப் பார்த்தபோது, நான்காம் வகுப்பிலும்கூட வகுப்பின் மிக இளைய பிள்ளைகள் மூத்தவர்களைவிட, நூறு பேர் நிற்கும் வரிசையில் 4 முதல் 12 இடம் பின்னால் இருந்தார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் முன் இரு பிறந்த தேதிகளையும் ஒப்பிடுங்கள்.

அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பது பற்றி என் கருத்து: வேண்டாம். தாமஸ் ஹோம்ஸ் 1989-ல் தொகுத்த 63 ஆய்வுகளில் 54-ல் ஒட்டுமொத்த விளைவு எதிர்மறையாகவே இருந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகள் அவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை, தனி உதவி சேர்த்துக் கொடுத்த இடங்களில் ஆரம்பத்தில் முன்னேற்றம் இருந்தது. அந்த உதவியை அடுத்த வகுப்பில் இருந்தபடியே கொடுக்கலாமே. தோழிகள் மேலே போக, தான் மட்டும் நின்றுவிட்டதாக ஆறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

அதற்காக ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று கைகட்டி இருக்கவும் சொல்லவில்லை. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை குறைவாக வாசிக்கும், குறைவாக வாசிப்பதால் சொல்வளமும் வேகமும் வளராது, அதனால் இன்னும் சிரமப்படும். இந்தச் சுழலை கீத் ஸ்டானோவிச் 1986-லேயே விவரித்தார். ‘பல்’ என்ற சொல்லில் முதல் ஒலி என்ன என்று கேட்டால் பிடிபடாமல் இருப்பது, நேற்று கற்ற எழுத்து இன்று முழுவதுமாக மறந்துபோவது, குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்திருப்பது, பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, புத்தகத்தை மூக்கருகே பிடிப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த விடுமுறையிலேயே கவனியுங்கள். கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். ‘கவனமில்லை’ என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பலகையே தெரிந்திருக்காது.

விடுமுறையில் எல்லாம் மறந்துபோகும் என்ற பயம் கொஞ்சம் ஊதிப் பெருக்கப்பட்டது. ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 1996-ல் 39 ஆய்வுகளைப் பார்த்து, நீண்ட விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவு பின்வாங்குகிறது என்றார்கள். கணக்குப் போடுவதும் எழுத்துக்கூட்டலும் அதிகம் தேய்கின்றன. ஆனால் பால் வான் ஹிப்பல் 2019-ல், பழைய தேர்வுகள் அளந்த விதமே அந்த இழப்பைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம் என்று கேள்வி எழுப்பினார். எப்படிப் பார்த்தாலும், தினமும் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் எழுத்தும் இருந்தால் போதும், முழுநேர வகுப்பு தேவையில்லை. டியூஷனில் அதே பாடப்புத்தகத்தை அதே வேகத்தில் மறுபடி நடத்துவார்கள் என்றால் பணமும் விடுமுறையும் வீண். எங்கே தடுமாறுகிறாள் என்று கண்டுபிடித்து, தனியாக உட்கார்த்தி அதை மட்டும் சொல்லித் தருபவர் கிடைத்தால் சரி, வையுங்கள்.

புத்தகங்களை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ரிச்சர்ட் ஆலிங்டன் குழுவின் 2010 ஆய்வில், மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் தாங்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களைப் பெற்ற பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். நமக்குப் பிடிக்காத புத்தகமாகத்தான் எடுப்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு புத்தகம் படித்தால் ஒரு பரிசு’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வரையப் பிடித்திருந்த சிறு பிள்ளைகளிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னபோது, பிறகு அவர்கள் தாங்களாக வரைவது குறைந்தது என்று மார்க் லெப்பரும் மற்றவர்களும் 1973-லேயே காட்டிவிட்டார்கள்.

நீங்கள் தாண்டிப் போன செய்திப் பாதி இருக்கிறதே, விடுமுறைக்கு அதுதான் கைகொடுக்கும். அந்தப் பெருக்கல் கணக்கின் இரண்டாவது பாதியான கேட்டுப் புரியும் மொழி, இப்படிப்பட்ட பேச்சில்தான் வளர்கிறது. மடலை அவளிடம் படித்துக் காட்டி, விதை முளைத்த கதையை அவள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ‘நல்லா இருந்துச்சா?’ என்று கேட்டால் ‘ம்’ என்று முடித்துவிடுவாள். ‘யாருடைய விதை முளைக்கவே இல்லை? ஏன்?’ என்று கேளுங்கள். முதலில், பிறகு, அதனால் என்று வரிசைப்படுத்திச் சொல்ல அவள் திணறுவாள். அந்தத் திணறலுக்கு நேரம் கொடுங்கள், நீங்கள் முடித்துவைக்காதீர்கள். சொன்னதில் இரண்டு வரியை அவளையே எழுதச் சொல்லி, ஊரில் இல்லாத உறவினர் யாருக்காவது அனுப்புங்கள். படிக்க உண்மையிலேயே ஓர் ஆள் இருக்கிறார் என்றால் பிள்ளைகள் எழுதுகிற விதமே மாறும்.

கடைசி நாளுக்கு முன் ஆசிரியையைப் பாருங்கள். ‘எப்படிப் படிக்கிறாள்?’ என்று கேட்டால் ‘நல்ல பிள்ளை’ என்ற பதில்தான் வரும், அந்த வாரத்தில் எங்களுக்கு நிற்க நேரம் இருக்காது. குறிப்பாகக் கேளுங்கள். ‘பயிற்சி தேவை’ என்று எதைப் பார்த்து எழுதினீர்கள், எழுத்திலா புரிதலிலா? எந்த எழுத்துகள்? வகுப்பில் தெரியாதபோது கேட்கிறாளா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாளா? அடுத்த ஆண்டு ஆசிரியைக்கு இவளைப் பற்றி ஒரு வரி மட்டும் சொல்ல முடிந்தால் என்ன சொல்வீர்கள்? அந்த வரியைக் குறித்து வைத்து, பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் புது ஆசிரியையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். முதல் வாரம் வேண்டாம், அப்போது அவர் பெயர்களையே மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.